இரண்டு ரேடியோவும் ஒரு பிராதும்

இதை எழுத வேண்டும் என்று நினைத்து எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. பல தடவை நோட்டை எடுத்து, பிள்ளையார் சுழி போட்டு, அதற்கு மேல் ஒரு வரி ஓடாமல் மூடி வைத்திருக்கிறேன். எட்டாவதோடு படிப்பு நின்றவன், எழுத வராது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது காரணம் இல்லை. எழுதினால் நான் செய்ததை எழுத வேண்டும். அதுதான் காரணம்.

போன மாசி மகத்தன்று மணிமுத்தாற்றங்கரைக் கூட்டத்தில் எங்களுக்கு முன்னால் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டு நின்றார்கள். ஒருத்தி சொன்னாள்: "நம்மூர்லதான். மாமனாரு ரேடியோவ மருமவ வேணும்னே ஒடச்சிட்டா. புருசங்காரன் கொளஞ்சியப்பருக்குப் பிராது கட்டினான். அன்னிக்கே ஓடப் பாத்தா. சாமி பஸ்சுல இருந்தே எறக்கிடுச்சி."

என் மனைவி என் பக்கத்தில்தான் நின்றிருந்தாள். என் பக்கம் திரும்பி, "கேட்டீங்களா?" என்று மட்டும் கேட்டாள். வீட்டுக்கு வந்ததும் நோட்டை எடுத்துவிட்டேன்.

அறுபதுகளின் கடைசி அது. பீங்கான் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் எனக்குச் சூளை வேலை. அச்சில் வார்த்துக் காயவைத்த பொம்மைகளையும் ஜாடிகளையும் அடுக்கி, சூளையின் சூட்டை ஏற்றி, வெந்து முடிந்ததும் ஆறவிட்டு இறக்குவது. ஏற்றுவதைவிட ஆறவிடுவதில்தான் பொறுமை வேண்டும். அவசரப்பட்டுக் கதவைத் திறந்தால் வெளிக் காற்று பட்டதும் உள்ளே டிங் டிங் என்று சத்தம் வரும். ஒவ்வொரு சத்தமும் ஒரு பொம்மையில் விழுந்த கீறல். இதைப் புதிதாக வருகிறவர்களுக்கெல்லாம் நான்தான் சொல்லிக் கொடுப்பேன். இதை எதற்காகச் சொல்கிறேன் என்பது பின்னால் தெரியும்.

வீட்டில் அப்பாவுக்கு இரண்டு கண்ணும் போய்விட்டிருந்தது. காதும் மந்தம். கூடத்தில் கட்டிலில் உட்கார்ந்து, யார் வருகிறார்கள் போகிறார்கள் என்று தரையில் காலடி அதிர்வதைக் கவனித்துக்கொண்டே பொழுதைப் போக்குவார். பின்கட்டு அறையில் என் மனைவி. இரண்டு தடவை தங்காமல் போய், மூன்றாவதாக நாலு மாதம். "எழுந்து நடமாடக் கூடாது, பளு தூக்கக் கூடாது, பஸ்சு கிஸ்சுன்னு ஏறவே கூடாது" என்று ஆஸ்பத்திரி நர்சம்மா கண்டித்துச் சொல்லியிருந்தார்கள். அதனால் அவளைத் தாய்வீட்டுக்கு அனுப்ப முடியவில்லை. திட்டக்குடியிலிருந்து என் மாமியார் வந்து எங்களோடு தங்கிச் சமைத்துப் போட்டார்கள்.

ஒரு நாள் நான் என் மனைவியின் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தபோது அவள் சொன்னாள்: "சும்மாவே படுத்திருந்தா காது வவுத்துக்குள்ளயே போவுதுங்க. அசையுதா அசையிலியான்னு அதையே கேட்டுக்கினு கெடக்கறன். வேற எதுனா ஒரு சத்தம் கேட்டா தேவல."

அப்பா ரொம்ப நாளாகவே ஒரு ரேடியோ வாங்கித் தரச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தார். ஒன்று வாங்கத்தான் எங்களால் முடியும். சரி, ஒன்று வாங்கினால் இரண்டு பேருக்கும் ஆகும் என்று நினைத்துக்கொண்டு கடைவீதிக்குப் போனேன். கடைக்காரர் இரண்டு பெட்டியை எடுத்து வைத்தார். ரொம்ப உசத்தியும் இல்லை, மட்டமும் இல்லை. விலையும் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

ஒன்று கரண்டு ரேடியோ. மரப்பெட்டி, முன்னால் துணி கட்டினது, உள்ளே வால்வு. போட்டதும் பாடாது. வால்வு சூடேறி, பச்சை விளக்குக் கண் விழித்த பிறகுதான் பேசும். பேச ஆரம்பித்தால் கோயில் மண்டபத்தில் நின்று கேட்பது போல இருக்கும். ஆனால் வைத்த இடத்தை விட்டு நகராது. இன்னொன்று டிரான்சிஸ்டர். தோல் உறை போட்டு, கைப்பிடி வைத்து, தலைமாட்டில் வைத்துக்கொள்கிற அளவு. செல் போட்டால் போதும். குரல் மட்டும் மெல்லிசு.

"யாருக்குங்க வாங்குறீங்க?" என்று கேட்டார்.

"வூட்டுக்கு."

"வூட்ல யாருக்குங்க?"

நான் சொன்னேன். அவர் கன்னத்தைச் சொறிந்தார். "பெரியவருக்குன்னா பெருசு. அம்மாவுக்குன்னா சின்னது. ரெண்டு பேருக்கும் ஒண்ணுன்னா, அது நான் விக்கறதில்லீங்க. ஒண்ணு பண்ணுங்க. ரெண்டையும் எடுத்துக்கினு போங்க. சனிக்கெழம சாயந்தரம் ஒண்ணத் திருப்பிக் குடுத்துடுங்க. திருப்பிக் குடுக்கறதுல ஒரு கீறல் இருக்கக் கூடாது. இருந்தா அதுதான் நீங்க வாங்குனது."

அது திங்கட்கிழமை. அந்த வாரம் எங்கள் வீட்டில் இரண்டு ரேடியோ.

நல்லது செய்வதாக நினைத்துத்தான் கொண்டுவந்தேன். அதற்குப் பதில் ஒன்றை மட்டும் கொண்டுவந்திருக்கலாம். இல்லாத பொருளுக்கு யாரும் அடித்துக்கொள்வதில்லை. கையில் கொடுத்துவிட்டு, சனிக்கிழமை ஒருத்தர் கையிலிருந்து பிடுங்குவேன் என்று சொல்லி வைத்தால் என்ன ஆகும்? அப்பா பெட்டிக்கு முன்னால் கட்டிலை இழுத்துப் போடச் சொன்னார். நாதஸ்வரம் வரும்போது அந்தத் துணியின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொள்வார். காதுக்கு எட்டாத சத்தம் அவருக்குக் கை வழியாக எட்டியது. பின்கட்டில் அவள் டிரான்சிஸ்டரைத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, திருச்சி நிலையத்தில் சொல்கிற நெல் விலையைக்கூட விடாமல் கேட்டாள். மூன்று மாதத்தில் அவள் முகம் தெளிந்து நான் பார்த்தது அந்த வாரம்தான்.

இரண்டும் ஒரே நேரத்தில் பாடினால் வீடு தாங்கவில்லை. அப்பா சத்தத்தை ஏற்றுவார். அவள் கதவை ஒருக்களிப்பாள்.

"அந்தக் குருவி கத்தறது யாருக்கு ஒதவும்?" என்பார் அப்பா, பின்கட்டுக்குக் கேட்கும்படியாக.

"கோயில் காண்டாமணிய வூட்ல கட்டித் தொங்கவுட்டாப்புல இருக்குது. புள்ளத்தாச்சி படுக்கற வூடு இது, சம்மந்தி" என்பார்கள் என் மாமியார், அடுப்படியிலிருந்து.

அவளிடம் கேட்டால், "மாமாவுக்கே வாங்குங்க" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வாள். யாருக்கு என்று முடிவெடுக்கத் தைரியம் இல்லாமல் நான் வியாழக்கிழமை வரைக்கும் தள்ளினேன்.

வெள்ளிக்கிழமை காலையில் குளித்துவிட்டுப் பழமலைநாதர் கோயிலுக்குப் போய், சந்தனம் கரைந்த அபிஷேகத் தீர்த்தம் வாங்கி வந்தேன். சாமி பெயரைச் சொல்லி இரண்டுக்கும் பூஜை போட்டு வேண்டிக்கொண்டால் மனசில் ஒரு வழி தெரியும் என்று ஒரு நம்பிக்கை. அப்பா ஆறு மணிக்கே பெட்டியைப் போட்டுவிட்டிருந்தார். பாடிக்கொண்டிருக்கும்போதே இரண்டுக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டி, புது சைக்கிளுக்குத் தெளிப்பது போல நாலு பக்கமும் சுற்றித் தீர்த்தம் தெளித்தேன். பிறகு வேலைக்குப் போய்விட்டேன்.

சாயந்தரம் திரும்பி வந்தபோது வீடு அமைதியாக இருந்தது. பெரிய பெட்டியில் பச்சைக் கண் எரியவில்லை. அப்பா அதன் துணி மேல் கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தார்.

"வந்துட்டியா? உம்பொண்டாட்டியக் கேளு."

"என்னாச்சிப்பா?"

"மத்தியானம் வந்தா. எனக்குக் கண்ணுதான் தெரியாது, நடை தெரியும். பொட்டிகிட்ட நின்னா. திருகுனா. அதோட கொஞ்சங் கொஞ்சமா அவிஞ்சி பூடிச்சி. அவளுக்குச் சின்னது வேணும். பெருசு கெட்டுப் பூட்டா சின்னதுதானன்னு பாத்துட்டா."

பின்கட்டிலிருந்து அவளே எழுந்து வந்தாள், சுவரைப் பிடித்துக்கொண்டு. "சத்தத்தக் கொறச்சங்க. தல வலிச்சிது. மாமா தூங்கறாருன்னு நெனச்சன். அவ்ளோதாங்க."

"வேற எதுவும் தொடலியா?"

"இல்லீங்க."

மூன்று தடவை கேட்டேன். மூன்று தடவையும் அதே பதில். மூன்றாவது தடவை கேட்டது எனக்கே கேவலமாக இருந்தது. ஆனாலும் கேட்டேன்.

"கற்பூரத்த ஏத்து. அணைக்கச் சொல்லு" என்றார் அப்பா. எங்கள் பக்கத்தில் எரிகிற கற்பூரத்தைக் கையால் அணைத்துச் சத்தியம் பண்ணினால் அதற்கு மேல் பேச்சில்லை.

அவள் தலையை ஆட்டினாள். "வவுத்துல புள்ளைய வெச்சிக்கினு நான் சத்தியம் பண்ண மாட்டன்."

"பாத்தியா?" என்றார் அப்பா.

"என்னாத்தப் பாக்கறது?" என்று மாமியார் கரண்டியோடு வந்துவிட்டார்கள். "ரெண்டு புள்ளையப் பறிகுடுத்தவ. ஒரு மரப்பொட்டிக்காக இதையும் வெச்சி சத்தியம் பண்ணணுமா? ஏந்தம்பி, நீங்க என்னா சொல்றீங்க?"

நான் பெட்டியின் திருகை ஒரு தடவை திருப்பிப் பார்த்தேன். குற்றம் இல்லாதவள் அணைத்தால் என்ன என்று என் மனசு கேட்டது. இப்போது நினைத்தால் அந்த இடத்தில்தான் எனக்கு என் மேலேயே ஆத்திரம் வருகிறது. பிள்ளையை வைத்து அவள் பயந்தது பக்தி. அதை நான் குற்றமாக எடுத்துக்கொண்டேன்.

அப்பா முடித்தார்: "சத்தியம் பண்ண மாட்டான்னா கொளஞ்சியப்பர்கிட்ட வுடு. அவரு விசாரிக்கட்டும்."

வெளியூர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை. ஊருக்குப் பக்கத்தில் மணவாளநல்லூரில் கொளஞ்சியப்பர் இருக்கிறார். கோர்ட்டில் மனு எழுதிக் கொடுப்பது போல, அவருக்கு நம் குறையை ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, விபூதியோடு பொட்டலமாக மடித்து அங்கே வேலில் கட்டுவோம். அதுதான் பிராது. தொண்ணூறு நாளில் சாமி விசாரித்துத் தீர்ப்புச் சொல்லும். வழக்கு தீர்ந்தால் மறுபடியும் போய், தீர்ந்தது என்று ராஜினாமா எழுதிக் கொடுத்துப் பிராதைத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும். விளையாட்டுக்குக்கூட யாரும் பிராது கட்ட மாட்டார்கள்.

சனிக்கிழமை காலை நான் போய்க் கட்டினேன். பெட்டியைக் கெடுத்துவிட்டுப் பொய் சொல்கிறவரை விசாரித்துத் தண்டிக்க வேண்டும் என்று எழுதினேன். யார் மேல் சந்தேகம் என்று எழுத வேண்டிய இடத்தில் பேனா நின்றது. பிறகு என் மனைவியின் பெயரை எழுதினேன். யாரும் என் கையைப் பிடித்து எழுதவைக்கவில்லை.

வீட்டுக்கு வந்து மறைக்காமல் சொன்னேன். மறைக்காமல் இருப்பதே நேர்மை என்று நினைத்துக்கொண்டேன். அவள் படுத்திருந்தபடியே கேட்டாள்:

"பேரு எழுதுனீங்களா?"

"எழுதினேன்."

"எம்பேருக்குள்ளதான புள்ளையும் இருக்குது. ரெண்டு பேருக்கும் சேத்துத்தான எழுதிட்டு வந்திருக்கீங்க."

மாமியார் அதற்குள் துணியை எடுத்துப் பையில் திணிக்க ஆரம்பித்துவிட்டார்கள். "ரெண்டு மணிக்குத் திட்டக்குடி பஸ்சு இருக்குது. எழுந்திரு."

"அத்தை, பஸ்சு கூடாதுன்னு நர்சம்மா சொல்லியிருக்காங்க."

"பிராது மட்டும் கூடுமா தம்பி?"

அவர்கள் போக மாட்டார்கள், கோபம் ஆறிவிடும் என்று நம்பிக்கொண்டு, பெரிய பெட்டியைக் கோணியில் சுற்றிச் சைக்கிள் கேரியரில் கட்டிக் கடைக்குத் தள்ளிக்கொண்டு போனேன். பஸ்சில் அந்த ரோட்டுக் குலுக்கலை நினைக்காமல் இருக்க வேண்டும் என்பதற்காகவே போனேன் என்றும் சொல்லலாம்.

கடைக்காரர் பின் அட்டையைக் கழற்றினார். ஊதினார். ஒரு வால்வைப் பிடுங்கி வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தார்.

"கீறல் வுட்டிருக்குதுங்க. இங்க பாருங்க. உள்ள வெள்ளியாட்டம் மினுக்கணும். பாலாட்டம் வெளுத்துப் பூடிச்சி. மயிரிழையில காத்து ஏறி ஏறிச் செத்திருக்குது. இது என்னா, மேல ஏதோ வட்டமா காஞ்சிருக்குது?"

நகத்தால் சுரண்டினார். மோந்து பார்த்தார். சிரித்துவிட்டார்.

"சந்தனம்! யாருங்க ரேடியோவுக்கு அபிஷேகம் பண்ணது? பாடிக்கினு இருக்கும்போது இது நெருப்பாட்டம் கொதிக்கும். ஒரு சொட்டு பச்சத் தண்ணி பட்டாப் போதும்."

"சின்னதுலயும் தெளிச்சேனே?"

"அது சூடே ஆவாதுங்க. அதுக்குக் குத்தாலத்துலயே குளிப்பாட்டுனாலும் மேல தோல்தான் நனையும்."

அவர் சிரித்துக்கொண்டே இருந்தார். எனக்குச் சூளைக் கதவு திறந்தது போலக் காதுக்குள் டிங் என்று கேட்டது. சூட்டில் குளிர்ச்சி படக் கூடாது என்று பத்துப் பேருக்குச் சொல்லிக் கொடுத்தவன் நான். நாலு பக்கமும் சுற்றித் தெளித்தபோது பின் அட்டையின் ஓட்டை வழியாகத் தீர்த்தம் உள்ளே போயிருக்கிறது. செய்தவனைத் தண்டி என்று சாமிக்கு எழுதிக் கொடுத்த கை எதுவோ, அந்தக் கைதான் தெளித்தது.

சுவர்க் கடிகாரத்தில் இரண்டு அடிக்கப் பத்து நிமிடம். ஒரு பக்கம் பஸ் ஸ்டாண்டு. இன்னொரு பக்கம் மணவாளநல்லூர். வேலில் அவள் பெயர் தொங்குகிறது. எதற்கு முதலில் போவது? கொளஞ்சியப்பா, கொஞ்சம் பொறு என்று வாய்விட்டே சொல்லிவிட்டுப் பஸ் ஸ்டாண்டுக்கு மிதித்தேன்.

வண்டி கிளம்பத் தயாராக உறுமிக்கொண்டு நின்றது. அவள் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். மடியில் தலையணையை வைத்து, வயிற்றோடு அணைத்துக்கொண்டு. குலுங்கினால் தாங்குவதற்காக வீட்டிலிருந்து தலையணையை எடுத்து வந்திருக்கிறாள். அதைப் பார்த்ததும் சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"நான்தான். நான்தான் ஒடச்சேன். தீர்த்தம் தெளிச்சது உள்ள பூடிச்சி. நீ இல்ல, நான்தான்."

பஸ்சே திரும்பிப் பார்த்தது. கண்டக்டர் விசிலை வாயிலிருந்து எடுத்தார். "என்னாங்க, ஏறுறீங்களா, எறங்குறீங்களா? குடும்ப வழக்க அடுத்த வண்டியில வெச்சிக்கங்க."

"எறங்கும்மா" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். கத்தவில்லை. "இங்க சொல்றீங்க. எழுதுனது அங்க. அங்க போயி சொல்லுங்க."

"போறேன். நீ எறங்கு."

"எறங்கறன். வூட்டுக்கு வர மாட்டன். அந்தத் தாள எங்கையில குடுங்க, அப்பறம் வரன்."

மாமியார் கையைப் பிடித்து மெதுவாக இறக்கினார்கள். டீக்கடை பெஞ்சில் இருந்தவர்கள் இடம் விட்டுக் கொடுத்தார்கள். அவள் தலையணையைப் பிடித்தபடியே உட்கார்ந்தாள். பஸ் போய்விட்டது.

கோயிலில் பூசாரி என்னைப் பார்த்து வியந்தார். "காலையிலதான கட்டுன? மத்தியானமே தீர்ப்பாயிடுச்சா?"

"ஆயிடுச்சிங்க."

"அப்ப சமாதானம் ஆயிட்டோம்னு எழுதிக் குடு. போதும்."

அது போதாது என்று எனக்குத் தோன்றியது. பிராதில் எழுதிய பெயர் தவறு, குற்றமற்றவள், செய்தவன் நானே என்று எழுதினேன். விசாரித்துத் தண்டிக்க வேண்டும் என்று கேட்டதைத் திரும்பப் பெறவில்லை. அவள் மேல் இருந்த வழக்கைத்தான் திரும்ப வாங்கினேன். என் மேல் உள்ளது அப்படியே இருக்கட்டும் என்று சொல்லி விழுந்து கும்பிட்டேன். பூசாரி படித்துப் பார்த்துவிட்டுப் பொட்டலத்தை அவிழ்த்துக் கொடுத்தார்.

பெஞ்சில் உட்கார்ந்தபடியே அவள் அந்தத் தாளைப் பிரித்து, தன் பெயரைத் தேடிப் படித்தாள். நாலாக மடித்து முந்தானையில் முடிந்துகொண்டாள். சைக்கிள் ரிக்ஷா பிடித்து, பள்ளம் வந்த இடத்திலெல்லாம் நானும் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டு, நடை வேகத்தில் வீடு வந்து சேர்ந்தோம்.

அப்பாவிடம் சொன்னேன். கடைக்காரர் சொன்ன நிபந்தனைப்படி கீறல் விழுந்ததுதான் நாங்கள் வாங்கியது. வால்வு மாற்றிய பெரிய பெட்டி சாயந்தரம் வீட்டுக்கு வந்தது. தவறு செய்தவன் நான், பெட்டி கிடைத்தது அப்பாவுக்கு, தலைமாட்டிலிருந்து டிரான்சிஸ்டர் எழுந்து போனது ஒரு குற்றமும் செய்யாத அவளுக்கு. அதை உறையோடு துடைத்து அவளே என் கையில் கொடுத்தாள். இன்றைக்கும் எனக்கு அது ஆறவில்லை.

கடையிலிருந்து திரும்பி வந்தபோது கூடத்தில் அப்பாவின் கட்டில் இல்லை. மாமியாரைப் பிடிக்கச் சொல்லி, பின்கட்டு நடைக்கு நகர்த்தியிருந்தார்.

"பொட்டிய இங்க கொண்டா. அவ ரூம்பு வாசப்படிகிட்ட வையி."

"சத்தத்தக் கொறச்சா ஒங்களுக்குக் கேக்காதேப்பா."

"கை எட்டுதில்ல? போதும்." பிறகு கதவுப் பக்கம் முகத்தைத் திருப்பி, "ஏம்மா, சத்தம் வெக்கிற திருகு ஒம்பக்கம் இருக்கட்டும். நீ வெச்சதுதான்" என்றார். மன்னிப்பு என்று அவர் வாயிலிருந்து அதற்கு மேல் வரவில்லை. அவள் "சரிங்க மாமா" என்றாள். அதற்குப் பிறகு அவர் ஆயுசு வரைக்கும் அந்தத் திருகை அவர் தொட்டதில்லை.

மீதி மாதங்களை ஒவ்வொரு நாளாக எண்ணிக் கழித்தோம். ஆவணியில் பெண் பிறந்தது. நல்லபடியாகப் பிறந்தது. ஆஸ்பத்திரி வராந்தாவில் அழுகைச் சத்தம் கேட்கும் வரைக்கும் நான் என்னென்ன வேண்டிக்கொண்டேன் என்பது எனக்கும் கொளஞ்சியப்பருக்கும்தான் தெரியும்.

என் மேல் உள்ள பிராதை நான் இன்னும் திரும்ப வாங்கவில்லை. தொண்ணூறு நாள் எப்போதோ கடந்துவிட்டது. கை சுட்டுக்கொண்டாலும், காய்ச்சலில் படுத்தாலும், இதுதானா தீர்ப்பு என்று கேட்டுக்கொள்வேன். இல்லை என்றே தோன்றும். ஆற்றங்கரையில் அந்தப் பெண் கதையை மாற்றிச் சொன்னபோது, பக்கத்தில் நின்றவள் "கேட்டீங்களா?" என்று கேட்டாளே, அப்போதுதான், நடந்ததை நானே எழுதிச் சொல்வதுதான் அந்தத் தீர்ப்பாக இருக்கலாம் என்று தோன்றியது.

ஆகவே இதைப் படிக்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். இந்தக் கதையை யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று தோன்றினால் தாராளமாகச் சொல்லுங்கள். இரக்கப்பட்டு என் பங்கைக் குறைக்க வேண்டாம். சாமிக்குப் பெருமை சேர்ப்பதாக நினைத்து எதையும் கூட்டவும் வேண்டாம். அவள் தலைவலிக்குச் சத்தத்தைக் குறைத்தாள். தண்ணீர் தெளித்தவன் நான். பெயர் எழுதியவனும் நான். இந்த மூன்றும் இதே மாதிரி போகட்டும்.